பாசி போகவில்லை, நத்தைதான் சாகிறது: உப்புநீர்த் தொட்டிக்கான பிழை நீக்கும் வழிமுறை

பாசி தின்னும் நத்தை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதைத்தான் வாங்கி வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடைகளில் ஒரு வாரம் டர்போ வகை நத்தை கிடைக்கும், அடுத்த வாரம் செரித் வகை மட்டும் இருக்கும். இருப்பதில் பத்துப் பதினைந்தை எடுத்துக்கொண்டு சாட்ஸ்வொர்த்துக்கோ ஃபீனிக்ஸுக்கோ டோங்காட்டுக்கோ போய்த் தொட்டியில் விடுகிறார்கள். மாதம் முடிவதற்குள் பாதி செத்திருக்கும், பாசி மட்டும் வளர்ந்திருக்கும். இதில் நத்தையின் தரம் காரணமாக இருப்பது குறைவு. தொட்டியில் வளர்வது என்ன பாசி என்று பார்க்காமல் வாங்குவதும், உப்பு அளவு ஒத்துப்போகாமல் விடுவதும், பாசி தீர்ந்த பிறகு சோறு போடாமல் இருப்பதும்தான் பெரும்பாலான சாவுக்குக் காரணம்.

கீழே அறிகுறி வாரியாகப் போகிறோம். உங்கள் தொட்டியில் தெரிவது எதுவோ அந்தப் பகுதியிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலால் சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பு அளக்கும் கருவி), அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், ஆல்கலினிட்டி (தண்ணீரின் பிஎச் இறங்காமல் தாங்கும் சக்தி) டெஸ்ட் கிட்டுகள், ஒரு டார்ச், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் சுத்த நீரை வைத்துப் பூஜ்யத்துக்குச் சரி செய்தால் போதாது. கடல்நீர் அளவில் பல கருவிகள் தவறிக் காட்டும். நத்தை சாகும் தொட்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கருவியைத்தான்.

நத்தை விட்டு மூன்று வாரம் ஆகியும் பாசி குறையவில்லை

பாசியைக் கையால் தொட்டுப் பாருங்கள். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறும். தொட்டால் எப்படி இருக்கிறது, இழுத்தால் எப்படி வருகிறது என்பதுதான் சரியாக அடையாளம் சொல்லும்.

கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம், விரலால் துடைத்தால் உடனே போகிறது என்றால் அது எந்த மேயும் நத்தைக்கும் விருப்பமான தீனி. ட்ரோக்கஸ் இதற்கு முதல் தேர்வு. கண்ணாடியும் கல்லும் இரண்டும் மேயும், கீழே விழுந்தால் தானே திரும்பிக்கொள்ளும், 22 முதல் 27 டிகிரி வரை சங்கடமில்லாமல் இருக்கும். தொட்டி பழையதாகி நிலைத்துவிட்டால் சில வீடுகளில் குஞ்சும் பொரிக்கிறது. ஒரே ஒரு வகைதான் வாங்க முடியும் என்றால் ட்ரோக்கஸ் வாங்குங்கள்.

கண்ணாடியில் கெட்டியாக ஒட்டிய பச்சைப் புள்ளிகள், நகத்தால் சுரண்டினாலும் போக அடம்பிடிக்கின்றன என்றால் நெரைட் ஓரளவு சுரண்டும். மீதியைப் பிளேடு வைத்து நீங்கள்தான் எடுக்க வேண்டும். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு வைக்காதீர்கள், பழைய பிளாஸ்டிக் கார்டு போதும்.

மணலிலும் கல்லிலும் பழுப்புத் தூள் படிந்திருக்கிறது, கையை ஆட்டினால் மேகம் போல் எழும்புகிறது என்றால் அது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டிகளில் மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் வந்து, பெரும்பாலும் தானாகவே போய்விடும். இதற்காக இருபது நத்தை வாங்கினால், டயாட்டம் போன மறுவாரமே அத்தனையும் பட்டினி. நான்கைந்து செரித் போதும். செரித் மணலுக்குள் புதைந்து, இரவில் மேலே வந்து மேயும். மணல் பரப்பைச் சுத்தமாக வைத்திருப்பதில் இதற்கு இணை இல்லை. பல மாதம் ஆன தொட்டியில் டயாட்டம் திரும்பத் திரும்ப வந்தால் தண்ணீரைப் பாருங்கள். ஆர்ஓ/டிஐ நீர்ச் சுத்திகரிப்புக் கருவியில் கரைந்த உப்பைப் பிடிக்கும் டிஐ ரெசின் தீரும் நிலையில் இருக்கும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இன்னும் 0 காட்டிக்கொண்டிருக்கும்போதே, டயாட்டத்தை வளர்க்கும் சிலிகேட் நழுவி வரத் தொடங்கிவிடும், ஏனென்றால் ரெசின் அதைத் தளர்வாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. ரெசினை மாற்றிவிட்டு இரண்டு முறை தண்ணீர் மாற்றினால் வித்தியாசம் தெரியும்.

பச்சை முடி போல நீண்ட பாசி என்றால் டர்போதான் ஆள். ஆனால் ஒரு நிபந்தனை: பாசி 1 செ.மீ. உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நாலு அங்குலம் வளர்ந்து அசைந்தாடும் பாசிக்குள் நத்தையால் புகவும் முடியாது, பிடித்துச் சுரண்டவும் முடியாது. முதலில் கையால் பிடுங்குங்கள். கல்லை ஒரு வாளி தொட்டித் தண்ணீருக்குள் வைத்துப் பிரஷால் தேய்த்து, பிடுங்கிய பாசியை வெளியே போடுங்கள், தொட்டிக்குள் மிதக்க விடாதீர்கள். அதன் பிறகு 200 லிட்டருக்கு ஒரு டர்போ, மிஞ்சினால் இரண்டு. டர்போ ஐந்தாறு செ.மீ. வரை வளரும், பலமும் உண்டு. ஒட்டாமல் வைத்த பவழத் துண்டுகளைப் புரட்டித் தள்ளிக்கொண்டே போகும். டர்போ விடுவதற்கு முன் பவழத்தை எல்லாம் எபாக்ஸி வைத்து ஒட்டிவிடுங்கள்.

முடியைக் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன இறகு போல, நடுத்தண்டின் இரு பக்கமும் கிளை விட்டிருக்கிறதா? அது பிரையோப்சிஸ். டர்போ உட்பட எந்த நத்தையும் இதைத் தீர்த்துத் தராது. பச்சைக் கண்ணாடிக் குண்டு போன்ற குமிழிப் பாசியையும் நத்தை தொடாது. அதற்கு எமரால்டு நண்டு. குமிழியைத் தொட்டிக்குள் உடைக்காமல் முழுதாகக் கழற்றி எடுங்கள். கருஞ்சிவப்பில் வழவழவென்று ஒரு தாள் போல் உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. பாசியே இல்லை, நத்தைக்கு உணவும் இல்லை. குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். நீரோட்டம் எட்டாத மூலைக்குப் பவர்ஹெட்டைத் (நீரோட்டம் தரும் பம்ப்) திருப்புங்கள், அழுக்குச் சேராமல் பாருங்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதைத் தவறாமல் கண்டுபிடித்தாக வேண்டும், ஏனென்றால் அது நத்தையைக் கொல்லும். பழுப்புச் சளி, நூல் நூலாகத் தொங்குகிறது, நூல் நுனியில் காற்றுக் குமிழி, காலையில் குறைவாகவும் மாலையில் அடர்த்தியாகவும் தெரிகிறது என்றால் டைனோஃபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற நுண்ணுயிர் என்று சந்தேகப்படுங்கள். வீட்டிலேயே சோதிக்கலாம். சளியோடு சேர்த்து அரை கப் தண்ணீரை உறிஞ்சி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, சளி கரையும் வரை நன்றாகக் குலுக்குங்கள். காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை இன்னொரு சுத்தமான பாட்டிலில் தொட்டி விளக்கின் கீழ் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தெளிந்த தண்ணீருக்குள் மறுபடியும் நூல் திரண்டால் அநேகமாக டைனோ. டயாட்டம், சயனோ இரண்டும் இப்படித் திரளாது.

ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ வகைக்கு நச்சு உண்டு. அதை மேய்ந்த நத்தை முதலில் பிடி தளர்ந்து கண்ணாடியிலிருந்து விழும், பிறகு மணலில் அசையாமல் கிடக்கும், சில நாளில் செத்துப்போகும். அதனால் டைனோ உறுதி என்றால் புது நத்தை வாங்காதீர்கள், இருப்பதையும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். காரணம் பெரும்பாலும் தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பதுதான்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் இருக்கும். பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தை நிறுத்துங்கள், மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள், நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை ஏற விடுங்கள். ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு நச்சை எடுங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் தண்ணீருக்குள் மிதந்து வருவதால் யூவி விளக்கு அதற்கு நன்றாக வேலை செய்யும்.

சரியான நத்தை, சரியான பாசி, ஆனாலும் குறையவில்லை என்றால் உணவு உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. நத்தை பாசியைத் தின்று கழிவாக வெளியே விடுகிறது. அந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டிக்குள்ளேயேதான் இருக்கும். அதை வெளியேற்றுவது ஸ்கிம்மரும் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) தண்ணீர் மாற்றமும் நீங்கள் பிடுங்கிப்போடும் பாசியும்தான். டர்பனில் கடல்நீரையே பிடித்து வந்து பயன்படுத்துகிறவர்கள் உண்டு. பணம் மிச்சம்தான், கோடை மழைக்காலத்தில் மட்டும் கவனம் தேவை. ஆறுகள் கொண்டுவரும் சேறும் கழிவுநீரும் கரையோரத் தண்ணீரில் கலந்திருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்து கடற்கரைகளையே மூட வேண்டிவந்தது. பெருமழை பெய்து கடல் பழுப்பாக இருக்கும் நாட்களில் எடுக்காதீர்கள், ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எந்த நாளும் எடுக்காதீர்கள். எடுத்த தண்ணீரில் தொட்டியில் ஊற்றும் முன் பாஸ்பேட் பாருங்கள். 0.1 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரே பாசிக்கு உரம்.

வாங்கி வந்த இரண்டு மூன்று நாளில் சாகிறது

நத்தை விட்ட முதல் வாரத்தில் செத்தால் காரணம் ஏறக்குறைய எப்போதும் உப்பு அளவு. மீனுக்கு உடம்புக்குள் உப்பைச் சரி செய்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. நத்தைக்கு இல்லை. வெளியே தண்ணீர் எப்படியோ உள்ளே உடம்பும் அப்படியே. கடைகளில் மீன் தொட்டிகளின் உப்பை 1.020, 1.021 (சுத்த நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) என்று குறைவாக வைத்திருப்பது சகஜம். உப்பும் மிச்சம், ஒட்டுண்ணியும் குறையும் என்ற எண்ணம். நத்தையும் அதே தண்ணீர்ச் சுற்றில் இருந்தால், வீட்டில் 1.025, 1.026 தொட்டிக்குள் போடும்போது அதன் உடம்பிலிருந்து தண்ணீர் பறிக்கப்படுகிறது. பையை மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமன் செய்தால் இது தீராது.

கடையிலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுவந்த நத்தைக்கு:

பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். நத்தையையும் பைத் தண்ணீரையும், சுமார் அரை லிட்டர், ஒரு சுத்தமான சின்ன வாளிக்கு மாற்றி, அந்தத் தண்ணீரின் உப்பை அளந்து எழுதி வையுங்கள். 4 மி.மீ. காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டியிலிருந்து வாளிக்கு நொடிக்கு இரண்டு சொட்டு விழும்படி முடிச்சை இறுக்குங்கள். வாளித் தண்ணீர் இரண்டு லிட்டர் ஆனதும் பாதியைக் கொட்டிவிட்டுத் தொடருங்கள். வாளியும் தொட்டியும் 0.001-க்குள் ஒத்து வரும்வரை நிறுத்தாதீர்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் இரண்டரை மணி நேரம்கூட ஆகும். வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். நத்தையைக் கையால் எடுத்து, ஓட்டைப் பிரஷால் தேய்த்து, நிமிர்த்திக் கல் மேல் வையுங்கள். ஓட்டைத் தேய்ப்பதற்குக் காரணம் இருக்கிறது: பிரையோப்சிஸும் குமிழிப் பாசியும் பல தொட்டிகளுக்குள் முதன்முதலாக நுழைவது நத்தை ஓட்டின் முதுகில்தான்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இரவு கூரியரில் வரும் நத்தைக்கு இந்த முறை ஆபத்து. பைக்குள் பல மணி நேரம் அம்மோனியா சேர்ந்திருக்கும். பை மூடியிருக்கும்வரை பிஎச் தாழ்ந்து, அம்மோனியா தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் காற்றுப் பட்டு பிஎச் ஏறி, அதே அம்மோனியா கொடிய நச்சாகிவிடும். அதில் வைத்துச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் ஊறவிட்டால் பிழைப்பது கஷ்டம். அதனால் கடைக்காரரிடம் அவர்களுடைய உப்பு அளவை முன்கூட்டியே கேட்டு, அதே அளவில் இரண்டு லிட்டர் புது உப்புநீர் கலக்கி, காற்றுக்கல் போட்டுத் தயாராக வையுங்கள். பை வந்ததும் வெப்பத்தைச் சமன் செய்து, திறந்த உடனே நத்தையை எடுத்து அந்தப் புதுத் தண்ணீருக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து சொட்டு முறையைத் தொடங்குங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அது தாமிரம். மீன் நோய்க்குத் தாமிர மருந்து போட்ட தொட்டியில் கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்து, பிறகு மெல்ல வெளியே விடும். மீன் நன்றாக இருக்கும், நத்தை மட்டும் விடவிடச் சாகும். பழைய தொட்டி வாங்கியவர்கள் அதில் முன்பு என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாமிரம் பட்ட கல்லையும் மணலையும் நத்தைத் தொட்டியில் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

மல்லாந்து கிடக்கிறது

உடனே எடுத்து நிமிர்த்தி, தட்டையான கல்லின் மேல் வையுங்கள். மணலில் வைத்தால் பிடி கிடைக்காது. பிறகு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப் பக்கத்து மூடியை மெல்லத் தொட்டால் உயிருள்ள நத்தை உள்ளிழுத்து இறுக்கிக்கொள்ளும். மூடி தொளதொளவென்று வெளியே தொங்கினால், முகர்ந்து பாருங்கள். செத்த நத்தையின் நாற்றத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். சந்தேகமாக இருந்தால் தொட்டித் தண்ணீர் ஊற்றிய ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்து மறுநாள் காலையில் பாருங்கள். சின்னத் தொட்டியில் ஒரு பெரிய டர்போ செத்துக் கவனிக்காமல் விட்டால் அம்மோனியா ஏறி மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். 100 லிட்டருக்குக் குறைந்த தொட்டி என்றால் அன்றே அம்மோனியா அளந்து, தெரிந்தால் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள்.

ஒரே நத்தை அடிக்கடி மல்லாந்தால் அது என்ன வகை என்று பாருங்கள். கூம்பு வடிவில், விளிம்பில் முள் முள்ளாக, அடி தட்டையாக இருக்கும் ஆஸ்ட்ரியா, சமதரையில் மல்லாந்தால் தானாகத் திரும்ப முடியாமல் தவிக்கும். கல்லெல்லாம் நன்றாக மேயும், ஆனால் மணல் அகலமாகப் பரந்த தொட்டியில் தினமும் காலையில் யாராவது போய் நிமிர்த்திவிட வேண்டும். வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது ஒத்துவராது. அதே கூம்பு வடிவத்தில் ட்ரோக்கஸ் கிடைக்கும்போது ஆஸ்ட்ரியா வாங்கத் தேவையில்லை.

எல்லா வகையும் ஒரே நாளில் மல்லாந்தால் வகையில் குறை இல்லை, தண்ணீரில் குறை. உப்பு, வெப்பம், அம்மோனியா, ஆல்கலினிட்டி இந்த வரிசையில் அளந்து பாருங்கள். நான்கும் சரியாக இருந்தால் மேலே சொன்ன டைனோ சோதனையைச் செய்யுங்கள்.

பகலெல்லாம் அசையவே இல்லை

பெரும்பாலும் குறை எதுவும் இல்லை. ட்ரோக்கஸ், செரித் இரண்டும் இரவில்தான் சுறுசுறுப்பாக மேயும். விளக்கு அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

மணலுக்குள் ஒளிந்திருந்து, மீனுக்குத் தீனி போட்டதும் யானைத் துதிக்கை போல ஒரு குழாயை நீட்டிக்கொண்டு நாலா பக்கமும் ஓடி வருவது நசேரியஸ். நல்ல நத்தைதான், ஆனால் அது பாசி தின்னாது. மீந்த இறைச்சித் தீனியும் செத்ததும்தான் அதற்கு உணவு. வரி வரியாகக் கறுப்பும் மஞ்சளும் இருக்கும் பம்பிள்பீ நத்தையும் மாமிசம்தான். இந்த இரண்டையும் பாசிக்காக விற்றால் வாங்காதீர்கள்.

ஒன்றிரண்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு ஒவ்வொன்றாகச் சாகிறது

கண்ணாடியும் கல்லும் பளிச்சென்று இருக்கிறதா? அப்படியானால் பட்டினி. நத்தை மெலிவது ஓட்டுக்கு வெளியே தெரியாது, திடீரென்று செத்தது போலத்தான் இருக்கும். கடைகளில் சொல்லும் எண்ணிக்கை பெரும்பாலும் மிக அதிகம். 200 லிட்டர் தொட்டிக்கு ஐந்து ட்ரோக்கஸ், ஆறு சின்ன செரித், முடிப்பாசி இருந்தால் மட்டும் ஒரு டர்போ என்று தொடங்கி, ஒரு மாதம் பார்த்துவிட்டு வேண்டுமானால் இரண்டு மூன்று சேருங்கள். பாசி தீர்ந்துவிட்டால், சூப்பர்மார்க்கெட்டில் சுஷிக்கு விற்கும் நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளில் உப்போ எண்ணெயோ மசாலாவோ சேர்க்காததை வாங்கி, 3 செ.மீ. சதுரமாக வெட்டி, ரப்பர் பேண்டால் ஒரு கல்லில் கட்டி, விளக்கு அணையும் நேரத்தில் நத்தைக்கு அருகில் வையுங்கள். வாரம் இரண்டு முறை போதும். 24 மணி நேரத்துக்குள் மீந்ததை எடுத்துவிடுங்கள். இந்தப் பக்க வேலை செய்ய மனமில்லாதவர்கள் ஒரு பக்கக் கண்ணாடியைச் சுரண்டாமல் அப்படியே விடலாம், அதுவே மேய்ச்சல் நிலம்.

காலி ஓடு மட்டும் கிடக்கிறது, அல்லது உங்கள் நத்தையின் ஓட்டுக்குள்ளிருந்து கால்கள் நீண்டு நடக்கின்றன என்றால் சங்கு நண்டின் வேலை. வளர்ந்த நண்டுக்குப் பெரிய வீடு வேண்டும். தொட்டியில் காலி ஓடு இல்லாவிட்டால் குடியிருப்பவரைக் கொன்று எடுத்துக்கொள்ளும். ஒரு நண்டுக்கு மூன்று காலி ஓடு என்ற கணக்கில், நண்டின் இப்போதைய ஓட்டைவிடச் சற்றுப் பெரியதாகப் பல அளவில் போடுங்கள். வண்ணம் பூசிய அலங்கார ஓடு வேண்டாம். அதோடும் நிற்காத நண்டுகள் உண்டு. அப்படிப்பட்டதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் வழி.

பாசி இருக்கிறது, நண்டு இல்லை, இருந்தும் ட்ரோக்கஸும் டர்போவும் மட்டும் சோர்ந்து சாகின்றன, செரித் நன்றாக இருக்கிறது என்றால், இரவில் விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு வந்து ஒரு ட்ரோக்கஸைக் கையில் எடுத்து ஓட்டு வாயின் விளிம்பைப் பாருங்கள். அரிசிக் குருணை போல 2, 3 மி.மீ. நீளத்தில் வெள்ளையாகக் கூம்பு நத்தைகள் அந்த விளிம்பில் வரிசையாக ஒட்டியிருந்தால் அவை பிரமிடெல்லிட் என்ற ஒட்டுண்ணி நத்தைகள். சதைக்குள் குழாயை நீட்டிச் சாறு உறிஞ்சும். ஓட்டின் மேல் தெளிந்த பசைத்துளி போல முட்டையும் இருக்கும். ஒவ்வொரு நத்தையையும் ஒரு கிண்ணத் தொட்டித் தண்ணீருக்குள் வைத்து, விளிம்பையும் முதுகுச் சுருளையும் பிரஷால் தேய்த்து, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை, தொடர்ந்து ஐந்தாறு வாரம். நடுவில் விட்டால் முட்டை பொரித்து மறுபடி முதலிலிருந்து. ஆனால் கண்ணாடியிலும் கல்லிலும் மட்டும் ஊர்ந்து, மற்ற நத்தையைத் தொடாத குட்டி நத்தைகள் தீங்கற்றவை, அவையும் பாசிதான் தின்கின்றன. பயந்து அவற்றைக் கொல்லாதீர்கள்.

ஓட்டின் நுனி வெளுத்துக் குழி விழுகிறது

வாங்கும்போதே நுனி தேய்ந்திருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கடலிலேயே தேய்ந்து வருவது சாதாரணம். பார்க்க வேண்டியது வாய் விளிம்பு. அங்கே புது ஓடு மெல்லிசாக, முழுசாக வளர்ந்துகொண்டிருந்தால் கவலையில்லை. விளிம்பும் நொறுங்கினால் ஆல்கலினிட்டி குறைந்திருக்கும், அல்லது பிஎச் 7.8-க்குக் கீழே போயிருக்கும். ஆல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் என்று வையுங்கள். சமையல் சோடா 3 கிராம், 100 லிட்டரில் சுமார் 1 டிகேஎச் ஏற்றும். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடாதீர்கள். ஏற்கெனவே அரித்த இடம் திரும்ப மூடாது.

எல்லா நத்தையும் தண்ணீர் மட்டத்துக்கு ஏறி நிற்கிறது

நெரைட் மட்டும் ஏறினால் அது அதன் இயல்பு. அலை ஏறி இறங்கும் பாறையில் வாழ்வது அது. மூடி இல்லாத தொட்டியில் வெளியேறி விரிப்பில் காய்ந்து கிடக்கும், ஆகவே மூடி போடுங்கள். கண்ணாடியில் எள் அளவில் கெட்டியான வெள்ளைப் புள்ளி வைப்பதும் அதேதான், முட்டை. தீங்கில்லை, பொரிப்பதும் அரிது.

ட்ரோக்கஸும் செரித்தும் சேர்ந்து ஏறினால் வெப்பமானியைப் பாருங்கள். பிப்ரவரியில் மூடிய அறையில் தொட்டி 29, 30 டிகிரியைத் தொடுவது டர்பனில் எளிது. வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், நத்தையின் தேவையோ கூடும். சம்ப் (தொட்டிக்குக் கீழே உள்ள துணைத் தொட்டி) மேல் ஒரு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும் என்பது உலர்ந்த ஊருக்குச் சரி. இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பலன் குறையும். விளக்கு நேரத்தை மாலைக்கும் இரவுக்கும் மாற்றுவது, நெரைட் இல்லாத தொட்டியில் மூடியைத் திறந்து வைப்பது, அறையில் ஏசி இருந்தால் 26-இல் ஓடவிடுவது இவற்றைச் சேர்த்துச் செய்யுங்கள். விசிறி ஓடும் நாட்களில் ஆவியாகும் தண்ணீரை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். உப்புநீர் ஊற்றினால் ஒரு வாரத்தில் 1.028 ஆகி, நத்தைதான் முதலில் சுருளும்.

மார்கரிட்டா என்ற பெயரில் விற்கும் சின்ன நத்தை குளிர்ந்த கடலுடையது. நம் கோடையைத் தாங்காது, மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கேப் பக்கத்து அலிக்ரூக்கல் என்ற பெரிய டர்போவும் அப்படியே குளிர்நீர் உயிர்.

கடற்கரையில் எடுத்த நத்தை மற்ற நத்தையைத் தின்கிறது

உம்ஹ்லாங்கா பாறைக் குட்டைகளில் நெரைட்டும் சோழியும் கண்ணெதிரே மேய்வதைப் பார்க்கும்போது எடுத்துவரத் தோன்றும். தென்னாப்பிரிக்காவில் 1998-இன் கடல்வாழ் உயிர்வளச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது, அனுமதி இருந்தாலும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்க, அதே பாறையில் அதே அளவில் ஓட்டைத் துளைத்து மற்ற நத்தையைத் தின்னும் வேட்டை நத்தைகளும் இருக்கின்றன. ஓட்டு வாயின் அடியில் ஒரு வாய்க்கால் போல நீண்ட பள்ளம் இருந்தால் பெரும்பாலும் மாமிசம் தின்னும் வகை. வாய் வட்டமாக, பள்ளம் இல்லாமல் இருந்தால் மேய்கிற வகையாக இருக்கலாம். செரித்துக்கும் சின்னப் பள்ளம் உண்டு என்பதால் இது முடிவான சோதனை அன்று. தொட்டியில் செத்த நத்தையின் ஓட்டில் ஊசி குத்தியது போல வட்டத் துளை இருந்தால் வேட்டைக்காரர் உள்ளே இருக்கிறார், இரவில் தேடி எடுங்கள். கூம்பு வடிவில், வாய் நீண்ட கோடு போல இருக்கும் கூம்புச் சங்கைக் கையால் தொடவே தொடாதீர்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள சில வகைகளின் கொட்டு மனிதரையே கொல்லும்.

கரண்ட் போய் வந்ததும் தரையெல்லாம் தண்ணீர்

திட்டமிட்ட மின்வெட்டில் இரண்டு மணி நேரம் போனாலும், வட்டாரக் கோளாறில் நாள் முழுக்கப் போனாலும், சம்ப் வைத்த தொட்டியில் பம்ப் நின்றதும் கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்குவது கணக்கில் உள்ளதுதான். கணக்குக்கு மீறி இறங்கி சம்ப் வழிந்தால், திரும்பும் குழாயில் தண்ணீர் மட்டத்துக்கு அருகே போட்டிருக்கும் காற்றுத் துளையைப் பாருங்கள். அதன் மேல் ஒரு நத்தை உட்கார்ந்திருக்கும், அல்லது பாசி அடைத்திருக்கும். மாறாக, கரண்ட் வந்த பிறகு மேல் தொட்டி வழிந்தால், தண்ணீர் இறங்கும் பெட்டிக்குள் டர்போவோ நெரைட்டோ போய்க் குழாய் வாயை அடைத்திருக்கும். காற்றுத் துளையை ஒன்றுக்கு இரண்டாக, ஒன்றிலிருந்து மற்றது 5 செ.மீ. தள்ளிப் போடுங்கள். இறங்கும் பெட்டியின் பல் வரிசை மேல் 6 மி.மீ. பிளாஸ்டிக் வலையைச் செருகுங்கள். பவர்ஹெட்டின் உறிஞ்சும் முகத்துக்கும் வலை வேண்டும், இல்லாவிட்டால் செரித் உள்ளே போய் இறக்கையை உடைக்கும்.

பேட்டரியில் தானாக ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றைத் தொட்டியோடு மாட்டி வையுங்கள். கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிகட்டி) வைத்திருப்பவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டி அலசிய பிறகுதான் மீண்டும் ஓடவிட வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் அழுகிய அந்தத் தண்ணீர் ஒரே நிமிடத்தில் தொட்டிக்குள் வந்தால் நத்தைகள் மூடியை இறுக்கிக்கொண்டு கீழே விழும். வெளியூர் போகிறவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் பக்கத்து வீட்டாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: கரண்ட் நீண்ட நேரம் போனால், அது திரும்பி வருவதற்கு முன்பே ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கிவிடவும், கரண்ட் வந்ததும் நீரோட்ட பம்பை மட்டும் ஓடவிடவும்.